புழுவா, ரத்தமா, அழுக்கா: பல் நோய்க்கு அந்தக் கால மருத்துவர்கள் சொன்ன காரணங்கள்

கேள்வி இதுதான்: பல் மருத்துவம் ஒரு தொழிலாக உருவான காலத்தில், பல்லுக்குள் புழு இருப்பதாக மருத்துவர்கள் உண்மையிலேயே நம்பினார்களா? சொத்தைக்கும் ஈறு நோய்க்கும் அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புழு நம்பிக்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தது உண்மை. ஆனால் பல்லுக்கென்றே தனித் தொழில் நடத்திய முதல் தலைமுறை மருத்துவர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்கள். புழு போனதும் சரியான விடை வந்து உட்கார்ந்துவிடவில்லை, அதற்கு இன்னும் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த இடைக்காலம் முழுவதும் அவர்கள் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்: நோய் உடம்புக்குள்ளிருந்து பல்லுக்கு வருகிறதா, வாயிலிருந்து, அதாவது வெளியிலிருந்து, பல்லைத் தாக்குகிறதா? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் மொத்த வரலாறும் விளங்கிவிடும். சொத்தையும் ஈறு நோயும் வேறு வேறு வேகத்தில் ஏன் புரிந்துகொள்ளப்பட்டன என்பதும் தெரியும்.

புழுவிலிருந்தே தொடங்குவோம். மெசொப்பொட்டேமியாவில் கிடைத்த ஒரு களிமண் பலகையில் பல்வலிக்கான மந்திரம் இருக்கிறது. வானம் பூமியைப் படைத்தது, பூமி ஆறுகளை, ஆறுகள் கால்வாய்களை, கால்வாய்கள் சேற்றை, சேறு புழுவைப் படைத்தது. அந்தப் புழு அழுதுகொண்டே தேவர்களிடம் போய், எனக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிறது. பழுத்த அத்திப்பழம் தருகிறோம் என்கிறார்கள். அது எனக்கு எதற்கு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க விடுங்கள், பல்லின் ரத்தத்தைக் குடித்துக்கொள்கிறேன் என்கிறது புழு. இந்தியாவிலும் சுஸ்ருத சம்ஹிதை கிருமிதந்தம், அதாவது புழு விழுந்த பல், என்ற நோயைச் சொல்கிறது. சீனத்திலும் ஐரோப்பாவிலும் இதே நம்பிக்கை இருந்தது.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. சொத்தை விழுந்த பல்லைப் பிடுங்கிப் பாருங்கள்: மரத்தை வண்டு துளைத்ததுபோல ஓட்டை இருக்கும். பல்லை உடைத்தால் நடுவில் இருக்கும் பல்கூழ் மெல்லிய, வெளிறிய இழையாக வெளியே வரும். நுண்ணோக்கி இல்லாத ஒருவர் அதைப் பார்த்துப் புழு என்று முடிவுகட்டுவது கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து எடுத்த முடிவுதான். வலியும் அப்படித்தான், விட்டுவிட்டுக் குடையும், ராத்திரியில் கூடும்.

வைத்தியமும் இந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்து மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், நம் சித்த மருத்துவத்தில் குரோசாணி ஓமம் என்று சொல்லும் செடியின் விதையைத் தணலில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொன்னார். பிறகு வெந்நீரில் கொப்பளித்தால் சின்னச் சின்னப் புழுக்கள் வந்து விழும் என்றார். விழுந்ததும் உண்மைதான். அந்த விதை சூட்டில் வெடிக்கும்போது உள்ளே சுருண்டிருக்கும் வெள்ளை முளை வெளியே வரும், பார்க்க அசல் புழுபோல இருக்கும். ஊர் ஊராகச் சென்று பல் வைத்தியம் செய்தவர்கள் இதைக் காட்டியே பிழைத்தார்கள். ஆனாலும் அந்தச் செடியில் நரம்பை மட்டுப்படுத்தும் பொருட்கள் இருப்பதால் சிலருக்கு வலி குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. நம் ஊரில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் பல் பூச்சியை வெளியே எடுப்பதாகச் சொல்லும் வழக்கமும் இதே வகைதான். இரண்டு செடிகளும் கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படித்த மருத்துவர்களிடம் புழுவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விளக்கம் இருந்தது. கிரேக்க, ரோம மருத்துவத்தில் உடம்பின் நான்கு நீர்களும் (ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம்) சமநிலையில் இருந்தால் ஆரோக்கியம். ஏதாவது ஒன்று கெட்டால் அது எங்காவது வந்து இறங்கும். பல்லில் இறங்கினால் சொத்தை, ஈறில் இறங்கினால் வீக்கமும் சீழும். இந்த விளக்கத்தில் பல் ஒரு வடிகால்தான், மூலம் உடம்பின் உள்ளே எங்கோ இருக்கிறது. அதனால் சிகிச்சையும் பல்லுக்கு இல்லை: ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, உணவை மாற்றுவது. வெளிப்பக்கம் பார்த்தவர்களும் இருந்தார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கேள்வித் தொகுப்பு ஒன்றில், மென்மையான, இனிப்பான அத்திப்பழம் ஏன் பல்லைக் கெடுக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. கேள்வி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது, ஆனால் யாரும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை.

ஈறு நோய் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கோட்பாடு தெரியாமலேயே கை சரியான வேலையைச் செய்துவிட்டது. 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்டோபா பகுதியில் வாழ்ந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி தன் மருத்துவக் கலைக்களஞ்சியத்தின் அறுவை சிகிச்சைப் பகுதியில் எழுதுகிறார்: பல்லின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஈறுக்கு அடியிலும் சொரசொரப்பான செதில்கள் படிகின்றன, அவை கறுப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுகின்றன, அந்தக் கெடுதல் ஈறுக்குப் பரவி நாளடைவில் பல்லை வெளியே தெரிய வைத்துவிடுகிறது. நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் மிச்சமில்லாமல் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு தடவையில் முடியவில்லை என்றால் மறுநாள், அதற்கும் மறுநாள் என்று தொடர வேண்டும். இதற்காக அவர் 14 சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்தே காட்டியிருக்கிறார். பல்லின் எந்தப் பக்கத்துக்கு எந்த வளைவு தேவை என்று யோசித்துச் செய்யப்பட்ட கருவிகள் அவை. இன்றைக்கு ஸ்கேலிங், அதாவது பல்லைச் சுரண்டிச் சுத்தம், செய்யும் பல் மருத்துவர் அந்தப் படங்களைப் பார்த்தால் தன் தட்டில் இருக்கும் கருவிகளின் முன்னோர்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார். காரை (பல்லில் கெட்டியாக ஒட்டும் இந்தச் செதில்) படிகிறது, அதனால் ஈறு கெடுகிறது, அதை எடுத்தால் குணமாகிறது என்ற வரிசையை 1000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டார்.

அப்புறம் 1683. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரியாக இருந்த அன்டோனி வான் லேவன்ஹூக், அந்த ஆண்டு செப்டம்பர் 17 தேதியிட்ட கடிதத்தை லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அனுப்புகிறார். தினமும் உப்பு போட்டுப் பல் தேய்க்கும் பழக்கம் உள்ளவர். அப்படியும் தன் பல்லிடுக்கில் கரைத்த மாவுபோல ஏதோ வெள்ளையாகத் தங்குகிறதே என்று அதை எடுத்துச் சுத்தமான மழைநீரில் கலந்து, தானே தேய்த்துச் செய்த லென்ஸின் கீழே பார்த்தார். குட்டி உயிர்கள் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு முதியவரின் வாயிலிருந்து எடுத்துப் பார்த்தபோது இன்னும் ஏராளம். நெதர்லாந்தின் மொத்த மக்களைவிடத் தன் ஒருவன் வாயில் குடியிருப்பவை அதிகம் என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. காடியில் (வினிகரில்) வாய் கொப்பளித்துப் பார்த்தார், பல்லில் படிந்திருந்த உயிர்கள் சாகவில்லை. அதே காடியை, வெளியே எடுத்த படிவத்தில் நேரடியாகக் கலந்தார், செத்துவிட்டன. காடி அந்தப் படலத்துக்குள் ஊடுருவவில்லை என்று சரியாகவே புரிந்துகொண்டார். வெறுமனே வாய் கொப்பளித்தால் போதாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று இன்று பல் மருத்துவர்கள் சொல்வதற்கான அடிப்படை அந்தச் சோதனையிலேயே இருக்கிறது.

ஆனால் இந்த உயிர்கள் நோய் உண்டாக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவர் கடிதத்தைப் படித்த மருத்துவர்களும் அப்படி நினைக்கவில்லை. நோய்க்குக் கிருமி காரணமாக இருக்கலாம் என்ற எண்ணமே மருத்துவத்தில் வேர் பிடிக்காத காலம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். குற்றவாளியை நேருக்கு நேர் பார்த்துப் படமும் வரைந்துவிட்டார்கள், வழக்கு மட்டும் சுமார் 200 ஆண்டுகள் பதிவாகாமல் கிடந்தது.

இப்போது பியர் ஃபோஷார். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர், பதினைந்து வயதில் கடற்படையில் சேர்ந்து கப்பல் அறுவை மருத்துவரிடம் தொழில் கற்றவர், பிறகு பாரிஸில் பல்லை மட்டுமே பார்க்கும் மருத்துவராக உட்கார்ந்தவர். 1728இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய நூல்தான் நவீன பல் மருத்துவத்தின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவரை பல் பிடுங்குபவர்கள் தங்கள் வித்தையை ரகசியமாக வைத்திருந்தார்கள். இவர் எல்லாவற்றையும், கருவிகளின் படங்களோடு, அச்சில் போட்டுவிட்டார்.

புழு விஷயத்தில் ஃபோஷார் நடந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நான் என் கண்ணால் பார்க்க எல்லா முயற்சியும் செய்தேன், நல்ல நுண்ணோக்கிகளை வைத்துச் சொத்தைப் பற்களையும் காரையையும் பார்த்தேன், புழு தென்படவில்லை என்கிறார். அதே சமயம் வேறு யாராவது பார்த்ததாகச் சொன்னால் அவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. சாப்பாட்டோடு ஏதாவது பூச்சியின் முட்டை சொத்தைக் குழிக்குள் போயிருக்கலாம், ஆனால் சொத்தைக்கு அது காரணம் இல்லை என்கிறார். இப்படித்தான் ஒரு நம்பிக்கையை நேர்மையாகக் கைவிட முடியும்.

சரி, புழு இல்லையென்றால் வேறென்ன? இங்கேதான் அவர் பழைய உலகத்துக்குத் திரும்பிவிடுகிறார். கெட்ட நீர்கள் உள்ளிருந்து பல்லைத் தாக்குகின்றன, அடி, அழுக்கு, உணவு போன்றவை வெளியிலிருந்து தாக்குகின்றன என்று இரண்டு பக்கமும் கை வைக்கிறார். இனிப்பு பல்லைக் கெடுக்கும் என்று அழுத்திச் சொல்கிறார், அது சரி. வலிக்குக் கிராம்பு எண்ணெய், அதுவும் இன்றுவரை நிற்கிறது. சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஈயமோ வெள்ளீயமோ தங்கத் தகடோ வைத்து அடைப்பது, அதுவும் சரிதான். கூடவே, தினமும் காலையும் மாலையும் தன் சிறுநீரிலேயே சில கரண்டி எடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார். நோயாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, ஆனாலும் தான் கண்ட பலனைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. குதிரை முடியில் செய்த பல் துலக்கும் தூரிகையை அவர் பெரிதாக மதிக்கவில்லை. நனைத்த பஞ்சுதான் மேல் என்றார்.

என் கணிப்பில் ஃபோஷாரின் பெரிய சாதனை புழுவை விரட்டியது இல்லை. ஈறு நோயைப் பிரித்துக் காட்டியதுதான். அந்தக் காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிந்து பல் ஆடினால் எல்லாவற்றுக்கும் ஸ்கர்வி என்று பெயர் வைத்தார்கள். மாதக்கணக்கில் காய்கறி, பழம் இல்லாமல் கடலில் போகும் மாலுமிகளுக்கு வரும் நோய் அது, வைட்டமின் சி குறைவால் வருகிறது என்று இன்று நமக்குத் தெரியும். ஃபோஷார் கப்பலில் உண்மையான ஸ்கர்வியைப் பார்த்தவர். பாரிஸில் அவரிடம் வந்தவர்களோ நன்றாகச் சாப்பிடுகிறவர்கள், உடம்பில் வேறு எந்தக் கோளாறும் இல்லாதவர்கள். ஆனாலும் ஈறை விரலால் அழுத்தினால் சீழ் வருகிறது, பல் ஆடுகிறது. 1746இல் வந்த இரண்டாம் பதிப்பில், இதுவரை யாரும் எழுதாத ஒரு வகை ஸ்கர்வி உண்டு, அது உடம்பின் மற்றப் பாகங்களைத் தொடாமல் ஈறையும் பல் குழியையும் பல்லையும் மட்டும் தாக்குகிறது என்று எழுதினார். ஸ்கர்வி என்ற பெயரை விட முடியவில்லை, ஆனால் நோயைப் பிரித்துவிட்டார். இரண்டையும் நேரில் பார்த்த ஒருவரால்தான் இது முடியும்.

அவருக்குப் பிறகு 1768இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பல் மருத்துவர் தாமஸ் பெர்ட்மோர் பல், ஈறு நோய்கள் பற்றி எழுதினார். சர்க்கரையும் காரையும் அவர் எச்சரிக்கைகளில் உண்டு. சர்க்கரையைப் பற்றிச் சொல்ல மருத்துவராக இருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 1598இல் இங்கிலாந்து போன ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், முதலாம் எலிசபெத் ராணியின் பற்கள் கறுத்திருந்ததைப் பார்த்து, ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதால் வரும் கேடு என்று குறித்துவைத்தார். சர்க்கரைக்கும் சொத்தைக்கும் உறவு உண்டு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. சர்க்கரை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் பெரிய மனிதர், அவர் சொன்னது பெரிய தடையாகவும் ஆகிவிட்டது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1771இலும் 1778இலும் பல் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். பல்லின் அமைப்பைப் பற்றி அவர் எழுதியது அருமையான வேலை. சொத்தையை அவர் ஒரு வகை அழுகலாக, பல்லுக்குள்ளேயே பிறக்கும் நோயாகப் பார்த்தார். வெளியிலிருந்து ஏதோ கரைக்கிறது என்ற எண்ணத்தை ஏற்கவில்லை. பல் உயிருள்ள உறுப்பு என்பதில் அவ்வளவு பிடிப்பாக இருந்தார். அதை நிரூபிக்க மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தவர் அவர். அந்தப் பிடிப்பின் இன்னொரு விளைவாக, ஏழைப் பிள்ளைகளின் வாயிலிருந்து பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கிப் பணக்காரர் வாயில் நடும் பழக்கம் லண்டனில் பரவியது. நட்ட பல் நிலைக்கவில்லை, சில நேரம் நோயையும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஹன்டரின் புகழ் அப்படிப்பட்டது. அவருக்குப் பின் ஜோசப் ஃபாக்ஸ், தாமஸ் பெல் போன்றவர்களும் சொத்தை என்பது பல்லின் உள்ளே நடக்கும் அழற்சி அல்லது அழுகல் என்ற வழியிலேயே எழுதினார்கள். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நோய் உள்ளிருந்து வந்தால், பல் தேய்ப்பதால் என்ன பயன்? பிறவி உடல்வாகு என்று விட்டுவிட வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கம் மெதுவாகக் கட்டி எழுப்பப்பட்டது. 1819இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் தொழில் செய்த லீவை ஸ்பியர் பார்ம்லி, சொத்தை பல்லின் வெளியே தங்கும் அழுக்கிலிருந்துதான் தொடங்குகிறது என்று எழுதி, மெழுகு தடவிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் விட்டு எடுக்கச் சொன்னார். இன்றைய ஃபிளாஸ் அங்கிருந்து வருகிறது. 1835இல் இங்கிலாந்தின் வில்லியம் ராபர்ட்சன் இன்னும் கூர்மையாகப் பார்த்தார்: சொத்தை கண்ட இடத்தில் வருவதில்லை, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களிலும் இரண்டு பல் சேரும் இடுக்கிலும், சாப்பாடு தங்கும் இடமாகப் பார்த்து வருகிறது. தங்கிய உணவு கெட்டு அமிலமாகிப் பல்லைக் கரைக்கிறது என்றார்.

இந்தக் கட்சிக்கு ஒரு வலுவான சாட்சி கிடைத்தது. அப்போதைய பல் செட்டுகளில் உண்மையான மனிதப் பற்களை வைப்பார்கள். 1815இல் வாட்டர்லூ போரில் இறந்த வீரர்களின் பற்கள்கூட அப்படி விற்பனைக்கு வந்தன. அந்தப் பற்களும் போட்டவர் வாயில் கொஞ்ச நாளில் சொத்தையாகின. இறந்தவன் பல்லுக்கு ரத்த ஓட்டம் இல்லை, நரம்பு இல்லை, அதில் அழற்சி எப்படி வரும்? உள்ளிருந்து வரும் நோய் என்ற வாதத்தை இதைவிட எளிமையாக உடைக்க முடியாது.

ஆனால் அமிலம் எங்கிருந்து வருகிறது? 1867இல் ஜெர்மனியில் லெபரும் ரோட்டன்ஸ்டைனும் சொத்தைக்குள் நுண்ணுயிர் இழைகளைக் கண்டார்கள், அமிலம் பல்லை மென்மையாக்கியதும் அவை உள்ளே புகுந்து வேலையை முடிக்கின்றன என்றார்கள். 1881இல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில் அன்டர்வுட், மில்ஸ் இருவரும் கிருமி இல்லாமல் சொத்தையே இல்லை என்று வாதிட்டார்கள். துண்டுகள் எல்லாம் மேஜைமேல் இருந்தன. சேர்த்துப் பொருத்தியவர் வில்லோபி டேட்டன் மில்லர்.

மில்லர் ஒஹையோ மாநிலத்தில் 1853இல் பிறந்தவர், மிஷிகனில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். பெர்லினுக்குப் போய், அங்கிருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவரின் தூண்டுதலில் இந்தத் தொழிலுக்குத் திரும்பினார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கின் முறைகளை அங்கேயே கற்றார். அவருடைய சோதனைகள் எளிமையானவை, அதனாலேயே மறுக்க முடியாதவை. பிடுங்கிய பல்லை ரொட்டியும் எச்சிலும் கலந்த கலவையில் போட்டு உடல் சூட்டில் வைத்தார்: பல்லின் சுண்ணாம்புச் சத்து கரைந்தது. ரொட்டிக்குப் பதில் இறைச்சி வைத்தார்: கரையவில்லை. ரொட்டிக் கலவையைக் கொதிக்க வைத்துக் கிருமிகளைக் கொன்றுவிட்டுப் பல்லைப் போட்டார்: அப்போதும் கரையவில்லை. மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும், உயிருள்ள கிருமியும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால் அமிலம் பிறக்கும், அமிலம் பல்லைக் கரைக்கும், பிறகு மிச்சத்தைக் கிருமிகள் அரிக்கும். 1889இல் ஜெர்மன் மொழியிலும் 1890இல் ஆங்கிலத்திலும் இதை நூலாக வெளியிட்டார். அத்திப்பழம், ராணியின் சர்க்கரை, லேவன்ஹூக்கின் குட்டி உயிர்கள், ராபர்ட்சனின் இடுக்கு எல்லாம் ஒரே விளக்கத்தில் வந்து சேர்ந்தன.

ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. எச்சில் ஓடிக்கொண்டே இருக்கும் வாயில் அமிலம் ஏன் கழுவப்பட்டுப் போகவில்லை? பள்ளமே இல்லாத வழவழப்பான இடத்திலும் ஏன் சொத்தை வருகிறது? 1897, 1898 வாக்கில் லியோன் வில்லியம்ஸும் சிகாகோவின் கிரீன் வர்டிமன் பிளாக்கும் எனாமல் (பல்லின் கடினமான வெளிப்பூச்சு) மேல் ஒட்டியிருக்கும் கூழ் போன்ற கிருமிப் படலத்தைக் காட்டினார்கள். அமிலம் அந்தப் படலத்துக்கு அடியில் பாதுகாப்பாக வேலை செய்கிறது. இன்று பிளேக் (plaque) என்று பல் மருத்துவர் சொல்வது இந்தப் படலத்தைத்தான்.

இதே காலத்தில் ஈறு நோய்க்கும் ஒரு வீரர் இருந்தார். கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் தொழில் செய்த ஜான் ரிக்ஸ். 1844 டிசம்பர் 11 அன்று ஹாரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லைப் பிடுங்கச் சொன்னபோது குறடு பிடித்த கை இவருடையது. மயக்க மருந்தின் வரலாற்றில் அது பெரிய நாள். ரிக்ஸ் அதற்கப்புறம் தன் உழைப்பை ஈறுக்குக் கொடுத்தார். பயோரியா, அதாவது ஈறில் சீழ் வடியும் நோய், உடம்பின் நோய் இல்லை, பல்லில் ஒட்டியிருக்கும் காரையாலும் அழுக்காலும் அந்த இடத்திலேயே பிறப்பது, ஈறுக்கு அடியில் எலும்பின் விளிம்புவரை கருவியை விட்டுச் சுத்தம் செய்தால் குணமாகும் என்று 1876இல் எழுதினார். அமெரிக்காவில் பல காலம் அந்த நோய்க்கே ரிக்ஸ் நோய் என்று பெயர் இருந்தது.

சக மருத்துவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. பயோரியா வாத நோயின் ஒரு வடிவம், ரத்தத்தில் கூடும் யூரிக் அமிலம்தான் ஈறுக்கு அடியில் காரையாகப் படிகிறது என்று 1890களில் பிலடெல்ஃபியாவில் ஒரு கட்சி வாதாடியது. 1914ஐ ஒட்டி, வாயில் வாழும் ஒரு வகை அமீபாதான் காரணம் என்று சொல்லி வயிற்றுக்கடுப்பு மருந்தான எமெட்டினை ஈறு நோய்க்குக் கொடுத்தார்கள். அமீபா விளக்கத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான சார்லஸ் பாஸ் பிற்காலத்தில் தூரிகையை ஈறோரமாகச் சாய்த்துத் தேய்க்கும் முறையை வகுத்தார். இன்று பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பாஸ் முறை அவர் பெயரால்தான்.

நோயாளிகள் பக்கத்திலும் எதிர்ப்பு இருந்தது. காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற பயம் ஃபோஷார் காலத்திலேயே உண்டு, இன்று நம் ஊரிலும் கிளீனிங் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று சொல்லிப் பலர் போகாமலே இருக்கிறார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பல்லைக் காரை பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் பல்லின் உண்மை நிலை தெரிகிறது. ஆட்டியது நோய், காரையை எடுத்த கை இல்லை. தயவுசெய்து இந்தப் பயத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வெளியிலிருந்து வரும் கிருமி என்ற விளக்கம் வென்றதும் எல்லாம் நல்லபடி முடிந்துவிடவில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் (முன்னே சொன்ன ஜான் ஹன்டரின் காலத்தவர் இல்லை, இவர் 20ஆம் நூற்றாண்டுக்காரர்) 1910இல் மான்ட்ரியாலில் ஆற்றிய உரையில், அழுகலுக்கு மேல் தங்கத்தால் கல்லறை கட்டுகிறார்கள் என்று பல் மருத்துவர்களைக் கடுமையாகச் சாடினார். வாயின் கிருமிகள்தான் உடம்பின் பல நோய்களுக்கு ஊற்று என்ற எண்ணம் தீயாகப் பரவியது. மூட்டுவலிக்கும் இரத்தசோகைக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைக் கூட்டமாகப் பிடுங்கினார்கள். நியூ ஜெர்சியில் டிரென்டன் மனநல மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கியதோடு நிற்காமல் குடல் பகுதிகளையும் வெட்டி எடுத்தார், பலர் இறந்தார்கள். சரியான கண்டுபிடிப்பைச் சோதித்துப் பார்க்காமல் நீட்டிக்கொண்டே போனால் எவ்வளவு கொடுமை நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உறுதியான நிரூபணங்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தன. 1954இல் அமெரிக்காவில் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை உணவு கொடுத்தார்கள், ஒரு சொத்தைகூட வரவில்லை. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஹரால்ட் லோவும் அவர் குழுவும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. அல்-ஸஹ்ராவியும் ரிக்ஸும் கையால் அறிந்திருந்தது அப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டப்பட்டது.

ஆனாலும் உள்ளிருந்து வருகிறது என்று சொன்ன பழைய கட்சி முழுத் தோல்வி அடையவில்லை. அதைக் காட்டிய ஆய்வு நம் மக்களின் வாயில் நடந்தது. அதே லோ, 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை ஆராயத் தொடங்கினார். மலையகத் தமிழர்கள். பல் தேய்க்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை, எல்லோர் வாயிலும் படலமும் காரையும் நிறைய, எல்லோருக்கும் ஈறு வீக்கம். சொத்தை மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1986இல் வெளியிட்டார்கள். சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போய் 45 வயதுக்குள் பல்லைப் பிடிக்கும் ஆதாரம் சராசரியாக 13 மில்லிமீட்டர் அளவுக்கு அழிந்திருந்தது. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகம். மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் நகரவே இல்லை.

அழுக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், பல்லை இழந்தது எல்லோரும் இல்லை. கிருமி இல்லாமல் ஈறு நோய் தொடங்காது, ஆனால் எவ்வளவு தூரம் போகும் என்பதில் அவரவர் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் மரபுக்கும் பெரிய பங்கு உண்டு. சர்க்கரை நோயும் புகைபிடிப்பதும் ஈறு நோயை மோசமாக்கும் என்பது இன்று நன்றாக நிறுவப்பட்டது. சர்க்கரை நோய் உள்ளவர் ஈறைக் கவனித்துக்கொண்டால் ரத்தச் சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் வரும். நம் பாடப்புத்தகங்களில் இந்த ஆய்வு எண்களாகவும் வரைபடமாகவும் வருகிறது. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் கொழுந்து மலைகளில் உழைத்த, பல் மருத்துவரைப் பார்க்க வழியில்லாத 480 பேர் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.